கைநாட்டும் கடவு எண்ணும்

நம் முன்னோருள் பலர் எழுத்தறியாதவர்கள். கைநாட்டு வைத்தே தோட்டத்தில் சம்பளம் பெற்றார்கள். படித்துப் பார்க்க இயலாத தாள்களிலும் கைநாட்டு வைத்தார்கள். அத்தாளில் எழுதியிருந்தது இன்னதென்று அறியாமலே கடனாளியானோரும் உண்டு. தம் பிள்ளைகளாவது ஏமாறாதிருக்க வேண்டும் என்றே அவர்கள் தமிழ்ப்பள்ளியைப் போற்றிக் காத்தனர். இன்று கைநாட்டு ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஏமாற்று மறைந்ததா? இல்லை. புதுவேடம் பூண்டு அது கைப்பேசிக்குள் புகுந்திருக்கிறது.

முற்காலத் திருடன் பொருளைத் திருடினான். இக்காலத் திருடன் முதலில் நம் பெயரையும் எண்ணையும் திருடுகிறான். பின்னர் நாமாகவே நடித்து நம் பொருளைக் கவர்கிறான்.

கடன்பற்று அட்டையையே எடுத்துக்கொள்வோம். முன்பு அதன் காந்தப் பட்டையில் இருந்த விவரங்களைக் கருவிகொண்டு நகலெடுத்துப் போலி அட்டை செய்தார்கள். அதனைத் தடுக்கச் சில்லு பொருத்திய அட்டைகள் வந்தன. 2017ஆம் ஆண்டில், கையொப்பத்திற்குப் பதிலாக ஆறு இலக்க இரகசிய எண் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பூட்டு வலுத்ததும் திருடன் பூட்டை விட்டுவிட்டான். சாவி வைத்திருப்பவரைத் தேடி வரலானான். இணையத்தில் பொருள் வாங்க அட்டை கையில் இருக்க வேண்டுவதில்லை. அட்டையின் எண், அது காலாவதியாகும் திகதி, பின்புறமுள்ள மூன்று இலக்க எண், கைப்பேசிக்கு வரும் கடவு எண் ஆகியவை கிடைத்தால் போதும். இவற்றை அவன் உடைத்து எடுப்பதில்லை. நம் வாயாலேயே சொல்ல வைக்கிறான்.

எவ்வாறு? "காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது" என்று அச்சுறுத்துகிறான். நம் அடையாள அட்டை எண்ணையும் ஒப்பிக்கிறான். கேட்பவர் நடுங்கிவிடுகிறார். அந்த எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு நாம் பிறந்த நாளைக் குறிப்பவை. அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிப்பவை. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். எத்தனையோ கடைகளிலும் அலுவலகங்களிலும் நாம் கொடுத்துவிட்டு வந்த நகல்களில் இருக்கும் எண் அது. அதனைச் சொல்லத் தெரிந்தவரெல்லாம் அதிகாரி ஆகிவிடமாட்டார்.

இன்னொரு வழியும் உண்டு. திருமண அழைப்பிதழ் என்றும் உதவித்தொகை என்றும் கூறி ஒரு செயலியை அனுப்புகிறார்கள். அதனைப் பதிவேற்றினால் நம் குறுஞ்செய்திகளைக் களவாகப் படித்துவிடும். இதனால்தான் கடவு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் முறையைக் கைவிடுமாறு 2022இல் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது.

இங்கே பெற்றோருக்கு ஒன்று கூற விரும்புகிறோம். பால்மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதி ஒரே நாளில் பறிபோகக்கூடும். அவ்வாறு நேர்ந்தால், வெட்கத்தால் மறைப்பதே பெருங்கேடு. திருடப்பட்ட பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி விரைந்து ஓடிவிடும். வங்கிக்கு உடனே தெரிவியுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்ற எண்ணில் அழையுங்கள். ஏமாந்தவரை வீட்டார் ஏசினால், அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார்.

இளைஞர்களுக்கும் ஒன்று. சில நூறு வெள்ளிக்காகத் தம் வங்கிக் கணக்கைப் பிறருக்குக் கொடுப்போர் உளர். திருடிய பணம் ஒளிய இடம் கொடுப்பதே அது. 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, இச்செயல் தனிக் குற்றமாக்கப்பட்டுள்ளது.

மாணவச் செல்வங்களே! பாட்டியின் கைப்பேசிக்கு வரும் மலாய்ச் செய்தியைப் படித்துச் சொல்பவர் நீங்களே. ஆகவே, மூன்றை மனத்திற் கொள்ளுங்கள். கடவு எண்ணை யார் கேட்டாலும் சொல்லலாகாது. அச்சுறுத்தும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறமுள்ள வங்கி எண்ணை நாமே அழைத்துக் கேட்க வேண்டும். அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும்போது, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அதன் குறுக்கே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுத்தறிவு என்பது படிக்கத் தெரிவது மட்டுமன்று. எதற்கு இசைகிறோம் என்பதை அறிந்து இசைவதுமாகும். பொருளறியாது சொல்லும் கடவு எண் இக்காலத்துக் கைநாட்டே. அதனை ஒழிப்பதும் தமிழ்ப்பள்ளியின் கடமை என்பதே எம் துணிபு.