மருமகன் கேட்ட தோட்டாக் கணக்கு

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் இருக்கும் என் அக்கா மகன் போன் செய்தான். வழக்கமாக அம்மாவின் சர்க்கரை அளவைக் கேட்பான், ஏலக்காய் விலை கேட்பான், வைத்துவிடுவான். அன்றைக்கு வேறு விஷயம்.

"மாமா, நீங்கதான துப்பாக்கி லைசென்ஸ் செக்ஷன்ல இருந்தீங்க? ஒரு ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன். ஆபீஸ்ல கூட இருக்கிறவங்க மான் வேட்டைக்குப் போறாங்க. மத்த நாள்ல பலகையில குறி பார்த்துச் சுடணும். ரெண்டுக்கும் ஆகிற மாதிரி நடுத்தரமா எந்தத் தோட்டா எடுக்கலாம்?"

பக்கத்தில் இருந்த அக்கா போனைப் பிடுங்கி, "ஏண்டா, மானைச் சுட்டுட்டு ஜெயிலுக்குப் போகப் போறியா?" என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டாள். அவள் பயம் நம்மூர்ப் பயம். இங்கே 1972 சட்டம் வந்த பிறகு வேட்டை ஒடுங்கியது. 1991-இல் வந்த திருத்தத்தோடு மிச்சம் மீதியும் போய்விட்டது. இப்போது முந்தலுக்கு மேலே யாராவது மானைச் சுட்டால் ஜாமீனுக்கு அலைய வேண்டியதுதான். ஆனால் அங்கே அது உரிமம் எடுத்துச் செய்கிற காரியம். எந்த மான் என்று கேட்டேன். சொன்னான் பாருங்கள், எனக்குச் சிறிது நேரம் பேச்சே வரவில்லை. புள்ளிமான்!

நம் புள்ளிமானேதான். 1932 வாக்கில் அங்கே கொண்டுபோய்ப் பண்ணைகளில் விட்டிருக்கிறார்கள். அது வேலி தாண்டிப் பெருகி, அந்த ஊர் மான்களின் மேய்ச்சலையும் சேர்த்துத் தின்கிறது. அயல்நாட்டு விலங்கு என்பதால் அதற்கு வேட்டைப் பருவம் என்று தனியாகக் கிடையாது. வருடம் முழுக்கச் சுடலாம். இங்கே கண்ணில் பட்டால் கையெடுத்துக் கும்பிடுகிறோம், அங்கே அதற்கு இந்த நிலை. சரி, அது அந்த ஊர் நியாயம். கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், உரிமப் பிரிவில் ஆறு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வுக்குக் கொண்டுவரும் துப்பாக்கிகளின் எண்ணைச் சரிபார்த்து உரிமப் புத்தகத்தில் பதிந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் அப்பா. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. முதலாளியிடம் ஒரு ரைஃபிள் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. லண்டன் ரிக்பி கம்பெனியின் .275. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்தார்களே, அதே ரகம். பெயர்தான் இங்கிலீஷ். தோட்டா அசலில் ஜெர்மன்காரன் மௌசரின் 7 மில்லிமீட்டர், 1890களின் ஆரம்பத்தில் வந்தது.

இந்த எண்கள் பலரைக் குழப்பும். .275 என்றால் குழலின் துவாரம் கிட்டத்தட்ட கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டின் எடையை கிரெயின் கணக்கில் சொல்வார்கள். அந்த ரிக்பியின் குண்டு 140 கிரெயின், அதாவது 9 கிராம். நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்று மேல். அவ்வளவுதான். கழுத்துச் சங்கிலியில் கோர்க்கிற காசு எடைதான், ஆனால் மான் நின்ற இடத்தில் விழும். முன்னங்கால் சப்பைக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டில் பட வேண்டும்.

அப்பா தோட்டாக்களுக்கும் பேரேடு வைத்திருந்தார். ஏலக்காய் மூட்டைக்கு ஒரு பக்கம், ஆள் கூலிக்கு ஒரு பக்கம், தோட்டாவுக்கு ஒரு பக்கம். ஆரம்ப இருப்பு, செலவு, மீதி. உரிமக்காரர் கணக்குக் காட்ட வேண்டுமே. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி. வெளிநாட்டுச் சரக்கு எல்லாம் இறுகிவிட்டது. இங்கிலாந்தின் கைனாக் தோட்டா மதுரைக் கடையில் இல்லை, மெட்ராஸ் கடையிலும் இல்லை. பேரேட்டில் மீதி குறைந்துகொண்டே வந்தது. இருபத்து மூன்று, பதினேழு, பதினொன்று.

1963 என்று நினைவு, எனக்குப் பன்னிரண்டு வயது, பள்ளி விடுமுறைக்கு மலையில் இருந்தேன். கீழேயிருந்து ஒரு விருந்தாளி இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வந்தார். பன்னிரண்டு போர், எல்.ஜி. தோட்டா. அதில் பெரிய ரவை ஆறு இருக்கும். முப்பது நாற்பது கஜத்துக்குள் என்றால் சரி, அதற்கு மேல் ரவை பரந்துவிடும். சாயங்காலம் மங்கும் நேரம், ஓடைக்கு எதிர்ச்சரிவில் ஒரு மிளா. எண்பது கஜம் இருக்கும். முதலாளி வேண்டாம் என்று கையைக் காட்டுவதற்குள் மனிதர் இரண்டு குழலையும் வெடித்துவிட்டார். மிளா ஒரு துள்ளு துள்ளிக் காட்டுக்குள் போய்விட்டது. "படலை" என்றார் விருந்தாளி. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு இறங்கியும் போய்விட்டார்.

முதுவர் பெரியவர் ஒருவர் எங்களுக்குக் காட்டுத் தடம் பார்ப்பவர். இலையில் ரத்தத்தைக் காட்டினார். முதல் நாள் முழுக்கத் தேடினோம். இரண்டாம் நாள் மழை, தடம் அழிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஓடையின் மேல்மடக்கில் நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தார். உயிரோடு இருந்தது. பின்தொடையிலும் வயிற்றிலும் ரவை, புண்ணில் புழு. எழுந்திருக்க முயன்றது, முடியவில்லை. முதலாளி .275-ஐ எடுத்து ஒரே வெடியில் முடித்து வைத்தார். அந்தக் கறியை யாரும் தொடவில்லை, அங்கேயே குழி தோண்டி மூடினோம். அன்று ராத்திரி அப்பா பேரேட்டில் எழுதியதைப் பார்த்தேன்: தோட்டா 1, மிளாவுக்கு. மீதி 4.

அந்த நாலோடு முதலாளி ரிக்பியை எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டார். அடுத்து வாங்கியது .315. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் 'எந்தத் தோட்டா நல்லது' என்ற கேள்வியையே பெரும்பாலோர் கேட்டதில்லை. எது கிடைக்கும், எதற்கு உரிமம் தருவார்கள் என்பதுதான் கேள்வி. போலீஸ்காரர் தோளில் நாம் பார்த்த .303 ராணுவ ரகம், அது பொதுஜனத்துக்குத் தடை. ராணுவத் தோட்டா வெளியே கசிந்தால் யார் துப்பாக்கியிலும் போட்டுவிடலாம் அல்லவா, அதனால். ஆகவே ராணுவத் தோட்டா எதுவும் நுழையாத வேறு அளவில், ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை அடியொற்றி .315 வந்தது. துப்பாக்கி வங்காளத்தில் ஈஷாபூரில் செய்தது, தோட்டா புனேயில் கிர்க்கியில் செய்தது. மான், பன்றி, சிறுத்தை எதுவானாலும் சாதாரண இந்தியனுக்கு அந்த ஒரு ரைஃபிள்தான். பிற்பாடு .30-06 வந்தது, அது கையில் பணமும் செல்வாக்கும் இருந்தவர்களுக்கு.

.315-இன் குண்டு 244 கிரெயின். ஏறத்தாழ இரண்டு பவுன். வேகம் குறைவு, கனம் அதிகம், பின்னடி தோளைக் கழற்றிவிடும். ரிக்பியில் முத்து முத்தாகச் சுட்ட எங்கள் முதலாளி இதில் விசையை இழுக்கும்போதே கண்ணை மூட ஆரம்பித்துவிட்டார். மூன்று வெடிக்கு ஒன்று தவறும். இரண்டு வருடத்தில் அதையும் மாட்டி வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் எனக்கும் அதுவே நடந்தது. .22-இல் இருபத்தைந்து கஜத்தில் ஐந்து குண்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்கிவிட்டு மார்தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு .303 கொடுத்தார்கள். முதல் இரண்டு வெடி நன்றாகப் போயின. மூன்றாவதிலிருந்து தோள் தானாகவே பின்வாங்கத் தொடங்கியது. ஐந்தாவது குண்டு பலகையிலேயே இல்லை. மறுநாள் தோள்பட்டை கன்றிப்போய் நாவல்பழ நிறத்தில் இருந்தது. அம்மா ஒத்தடம் கொடுத்தாள். தோள் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, கண்ணை மூடுகிற பழக்கம் போக மாதக்கணக்கானது.

ஆக மருமகனிடம் நான் முதலில் சொன்னது, பெரிய தோட்டாவைத் தேடாதே. கென்னத் ஆண்டர்சன் .405 வைத்திருந்தார் என்பான் எவனாவது. அவர் தேடிப்போனது ஆட்கொல்லிப் புலியையும் சிறுத்தையையும். ஒரு முழு வளர்ந்த புள்ளிமான் கிடா எண்பது, தொண்ணூறு கிலோ. அதற்கு ஒரு பவுன் எடைக் குண்டு தாராளம்.

அவன் மூன்று பெயர் சொன்னான். .308, 7 மி.மீ.-08, 6.5 கிரீட்மூர். மூன்றுமே நடுத்தரம்தான். .308 என்பது 1952-இல் வந்தது, நம் ராணுவம் எஸ்.எல்.ஆரில் சுட்ட 7.62-க்குக் கூடப்பிறந்தது. அதன் கழுத்தைச் சுருக்கி 7 மில்லிமீட்டர் குண்டைச் செருகினால் 7 மி.மீ.-08. அதே 140 கிரெயின் குண்டு, கிட்டத்தட்ட அதே வேகம். எங்கள் தோட்டத்து ரிக்பியின் பேரன் என்றே சொல்லலாம். மனசு உடனே அங்கேதான் போய் நின்றது. "அதையே வாங்கிருப்பா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்புறம் பேரேட்டின் 'மீதி 4' நினைவுக்கு வந்தது. "உங்க ஊர்க் கடையில இந்த மூணுல எது எப்பவும் கிடைக்கும், எது விலை குறைவு, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றேன். இரண்டு நாள் கழித்துச் சொன்னான். .308-உம் 6.5-உம் அலமாரி நிறைய இருக்கிறது, 7 மி.மீ.-08 ஒரு ஓரத்தில் இரண்டு பெட்டி. அவ்வளவுதான், ரிக்பியின் பேரனை மனசுக்குள்ளேயே பெட்டியில் வைத்து மூடினேன். பலகையில் சுட வேண்டும் என்கிறவன் மாதம் நூறு தோட்டாவாவது செலவழிப்பான். இரண்டு பெட்டி எந்த மூலைக்கு?

மிச்சம் இரண்டில் 6.5 என்றேன். அது 2007-இல் பலகைச் சுடும் போட்டிக்காகவே செய்த தோட்டா. குண்டு நீளமாக, ஒல்லியாக இருப்பதால் எட்டத்தில் காற்று அதைச் சுலபமாகத் தள்ளுவதில்லை. அவன் சுடப்போகிற நூறு, இருநூறு கஜத்துக்கு அந்தச் சிறப்பு பெரிதாகத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்தது தோளை. .308-ஐவிட இது மெதுவாகத்தான் உதைக்கும். கணினி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து மெலிந்த தோள் அவனுக்கு. .308 ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். பெரிய மிருகத்துக்குப் போகிறவன், முரட்டுத் தோள் உள்ளவன், தாராளமாக .308 எடுக்கட்டும்.

ஒரு நிபந்தனையும் போட்டேன். இருநூறு தோட்டா காகிதத்தில் செலவான பிறகுதான் மான். அதுவும் நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள், பக்கவாட்டில் நின்றால் மட்டும். மங்கின வெளிச்சத்தில் கூடாது. மிளாக் கதையை அன்றுதான் அவனுக்கு முதல் தடவையாகச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தக் கதை தெரியாதாம். அப்பா அவளிடம் சொன்னதே இல்லை.

போன ஞாயிறு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மான் படமோ என்று பயந்து திறந்தேன். காகிதப் பலகை. நூறு கஜம், ஐந்து வெடி. நாலு ஓட்டை ஒரு முறுக்கு அளவுக்குள். ஐந்தாவது இடது பக்கம் கீழே, தனியாக.

உடனே போன் போட்டேன். "அஞ்சாவதுக்குக் கண்ணை மூடினியா?"

"எப்படி மாமா தெரிஞ்சது?"

"இன்னும் எத்தனை பாக்கி இருக்கு?"

"நூத்தி நாப்பது மாமா."

சுட்டு முடி என்று வைத்துவிட்டேன்.