அழாத பிள்ளைக்கும் பால்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. தரையிலே வளரும் பிள்ளைக்கு அது பொருந்தும். ஆகாய விமானத்திலே பறக்கும் பிள்ளைக்கோ அது பொருந்தாது. அங்கே பிள்ளை அழுமுன்னரே பால் கொடுத்தல் வேண்டும். இவ்வுண்மையை நான் ஒரு மூதாட்டியாரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

இலண்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வந்த விமானமொன்றில், எனக்கு முன் வரிசையில் ஓர் இளந்தாய் தம் ஏழு மாதக் குழந்தையுடன் அமர்ந்திருந்தார். பேத்தியை முதன்முறையாக அம்மம்மாவுக்குக் காட்டப் போவதாக அயலில் இருந்தோரிடம் மகிழ்வோடு கூறினார். வழி முழுவதும் குழந்தை ஒருவருக்கும் தொல்லை தரவில்லை. விமானம் இறங்கத் தொடங்கியபோதும் அது ஆழ்ந்த துயிலில் இருந்தது. அதனை எழுப்பிவிடலாகாதென்று தாயும் அசையாதிருந்தார். சிறிது நேரத்தில் குழந்தை திடுக்கிட்டு விழித்து, வீரிட்டு அலறியது. தாய் தட்டினார்; தாலாட்டினார்; கிலுகிலுப்பையை ஆட்டினார். ஒன்றும் பயன்படவில்லை. பக்கத்தில் இருந்த கனவான் ஒருவர் தம் புத்தகத்தை ஓசைபட மூடிப் பெருமூச்செறிந்தார். இளந்தாயின் கண்களும் கலங்கின.

அப்போது நடைவழிக்கு அப்பால் இருந்த மூதாட்டியார், “பிள்ளை, குழந்தைக்குக் காது குத்துது போலை. பாலைக் குடுத்துப் பார்” என்றார்.

“இப்பதானே அம்மா குடிச்சவள். பசியிராது.”

“பசிக்கில்லைப் பிள்ளை, விழுங்கிறதுக்கு.”

தாய் குழந்தையை மார்போடு அணைத்துப் பாலூட்டினார். நாலைந்து மிடறு உள்ளே சென்றதும் அழுகை விம்மலாயிற்று; விம்மலும் பின்னர் அடங்கிற்று. மூதாட்டியார் விஞ்ஞானம் கற்றவரோ அல்லரோ நான் அறியேன். ஆனால் அவர் சொன்னது முற்றும் விஞ்ஞானமே.

வாயுவின் மீதுள்ள அமுக்கம் குறைந்தால் அதன் கனவளவு பெருகும் என்னும் போயிலின் விதியை மாணவர்கள் பாடசாலையிற் படித்திருப்பர். 1662ஆம் ஆண்டில் வெளியான அவ்விதியே இன்று ஒவ்வொரு பிரயாணியின் காதினுள்ளும் தொழிற்படுகின்றது. பெரிய விமானங்கள் ஏறத்தாழ 35,000 அடி உயரத்திற் பறக்கின்றன. அங்குள்ள காற்றைக்கொண்டு மனிதர் உயிர்வாழ இயலாது. ஆதலால் விமானத்தினுள்ளே காற்றை அமுக்கி வைக்கின்றனர். அவ்வாறு அமுக்கியும் அது கடல்மட்டக் காற்றைப் போல் அடர்த்தியாக இருப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி வரை உயர்ந்த மலையொன்றின் காற்றைப் போன்றே இருக்கும். நுவரெலியா நகரத்துக்கும் பேதுருதாலகால மலையுச்சிக்கும் இடையே எங்கோ நாம் அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். கட்டுநாயக்காவில் இறங்குவதென்றால், அந்த மலையிலிருந்து கடற்கரைக்கு அரைமணி நேரத்துக்குள் வந்து சேர்வதற்கு ஒப்பாகும்.

நமது செவிப்பறைக்கு உட்புறத்தே சிறிதளவு காற்று உண்டு. அவ்விடத்தைத் தொண்டையோடு இணைப்பது ஒரு மெல்லிய குழாய். விமானம் மேலே ஏறும்போது, பெருகிய காற்று அக்குழாய் வழியே எளிதில் வெளியேறிவிடும். இறங்கும்போதோ வெளிக்காற்று உள்ளே புகுதல் வேண்டும். அதற்குக் குழாய் தானாகத் திறவாது. திறவாவிடின் செவிப்பறை உட்புறமாக அழுத்தப்பட்டு நோவு உண்டாகும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் குழாய் திறக்கும். பெரியோர் இதனை அறிந்து எச்சிலை விழுங்குவர், இனிப்பைச் சுவைப்பர். குழந்தைக்கோ இந்தக் குழாய் குறுகியது, சரிவின்றிக் கிடப்பது. விழுங்கவேண்டும் என்று அதற்குச் சொல்லவும் முடியாது. பால் ஒன்றே அதற்குச் சொல்லும் மொழி.

ஆகவே சக்கரம் தரையைத் தொடும்வரை காத்திராது, விமானம் இறங்கத் தொடங்கும்போதே பாலூட்டத் தொடங்குதல் வேண்டும். நிலத்தை அடைவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கு முன்னரே இறக்கம் தொடங்கிவிடும். துயிலும்போது விழுங்குதல் குறைவாதலால், குழந்தையை அப்போது மெல்ல எழுப்பிவிடுவது நன்று. தாய்ப்பாலோ, போத்தற்பாலோ, சூப்பியோ எதுவாயினும் உதவும். தடிமனோ காதுநோவோ உள்ள குழந்தையாயின், பிரயாணத்துக்கு முன் வைத்தியரைக் கேட்டல் அவசியம்.

குழந்தையை உறங்க வைப்பதற்காகத் தடிமனுக்குரிய பாணி மருந்தைக் கொடுத்துக் கொண்டுபோவோர் சிலர் உளர். இது பெரும் ஆபத்து. தூக்கத்தை உண்டாக்கும் அத்தகைய மருந்துகளுள் ஒன்றாகிய புரோமெதசீனை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று அமெரிக்க மருந்து நிருவாகம் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்துள்ளது. அதனால் மூச்சு ஒடுங்கி இறந்த குழந்தைகள் உண்டு. அழும் குழந்தையைக் காட்டிலும் அஞ்சத்தக்கது, எழுப்பவும் எழாத குழந்தை.

பாலைப் பற்றிய வழக்கம் ஒன்று மாறியது. மாறவேண்டிய மற்றொரு வழக்கம் மடியைப் பற்றியது.

தாயின் மடியைப் போலப் பாதுகாப்பான இடம் உலகில் இல்லை என்று நம்புகின்றோம். விமானச் சீட்டு விற்போரும் அந்நம்பிக்கையை ஒட்டியே நடக்கின்றனர். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி ஆசனம் வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பிரயாணங்களிற் பெரியோர் கட்டணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு செலுத்தினால் மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆயினும் 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி அமெரிக்காவில் நிகழ்ந்த விபத்தொன்று இந்நம்பிக்கையை அசைத்துவிட்டது.

டென்வரிலிருந்து சிக்காகோவுக்கு 296 பேருடன் சென்ற டி.சி. 10 விமானம் ஒன்றின் வாற்புற இயந்திரம் வானிலே சிதறியது. விமானத்தைத் திருப்பவும் தாழ்த்தவும் உதவும் திரவக் குழாய்கள் யாவும் அறுந்தன. விமானிகள் அரும்பாடுபட்டு அதனை அயோவா மாநிலத்துச் சூ சிற்றி நகரில் இறக்க முயன்றனர். அவ்விமானத்தில் மடியிலே நான்கு குழந்தைகள் இருந்தன. அக்காலத்து முறைப்படி, அவர்களைத் துணிகளாற் சூழ்ந்து தம் காலடியில் தரைமீது வைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமைப் பணிப்பெண்ணான ஜான் பிரவுண் பெற்றோருக்குக் கூறினார். விமானம் நிலத்தில் மோதி உடைந்து தீப்பற்றியது. 112 பேர் இறந்தனர். கைகளாற் குழந்தைகளைப் பிடித்துவைத்தல் எளிதாயிருக்கவில்லை. ஒரு பெண் குழந்தையின் அழுகுரலைக் கேட்டு, தப்பி வெளியேறிய பிரயாணி ஒருவர் மீண்டும் புகையினுள்ளே புகுந்து அதனை எடுத்துவந்தார். மற்றொரு தாயின் ஆண் குழந்தை மீளவில்லை. மகனைத் தேடி எரியும் விமானத்தினுள் மீண்டும் ஓட முயன்ற அத்தாயைத் தடுத்து நின்றவரும் ஜான் பிரவுணே. தாம் கூறிய அந்த அறிவுரையை அவர் மறக்கவில்லை. குழந்தைக்கும் ஆசனமும் கட்டுப்பட்டியும் வேண்டும் என்று அதன்பின் பல்லாண்டுகள் வாதாடினார்.

அவர் கேட்ட சட்டம் வரவில்லை. ஆசனம் வாங்கும்படி கட்டாயப்படுத்தினால், பல குடும்பங்கள் செலவுக்கு அஞ்சி மோட்டார் வண்டியிற் செல்வர். தெருவிலே அதைவிடக் கூடுதலான உயிர்கள் போகும் என்று அமெரிக்க விமானத்துறையினர் 2005ஆம் ஆண்டில் முடிவு செய்தனர். அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. எனினும் அதே துறையினர், குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் மடியன்று, அதற்கேற்ற ஆசனமே என்று பெற்றோருக்கு இன்றும் அறிவுறுத்தி வருகின்றனர்.

காரணம் எளிது. எட்டுக் கிலோகிராம் நிறையுள்ள குழந்தையை நாள் முழுதும் தூக்கி வைத்திருப்போம். ஆனால் விமானத்தின் வேகம் சடுதியாகக் குறைந்து, அந்த அமர்முடுகல் புவியீர்ப்பின் ஐந்து மடங்காகுமாயின், அதே குழந்தை கையிலே நாற்பது கிலோகிராம் பாரமாகும். அன்பு எவ்வளவு வலியதாயினும் கைக்கு அந்த வலிமை இல்லை. விபத்து மிக அரிது. ஆனால் விமானம் காற்றுக் கொந்தளிப்பில் அகப்பட்டுக் குலுங்குதல் அரிதன்று.

தனி ஆசனம் வாங்க வசதியுள்ளோர் வாங்குக. விமானத்திற்கு ஏற்றதென அங்கீகரிக்கப்பட்ட குழந்தை ஆசனம் எதுவென்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டறிக. எல்லோருக்கும் அந்த வசதி இராது. அதனால் அவர்களது அன்பு குறைந்ததாகாது. மடியில் வைத்திருப்போர் தம் பட்டிக்குள்ளே குழந்தையையும் சேர்த்துக் கட்டுதல் ஒருபோதும் ஆகாது. மோதலின்போது தாயின் உடலே குழந்தையை நசுக்கிவிடும். பல நாட்டு விமானங்களில், தாயின் பட்டியோடு கோத்துக் குழந்தையின் இடுப்பிற் கட்டும் சிறு பட்டி கொடுப்பர். அமெரிக்க விதிகள் அதனை ஏற்பதில்லை. நீண்ட பிரயாணங்களில், முன்சுவர் ஓரத்திற் பொருத்தும் தொட்டிலை முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குலுங்கும்போதும் குழந்தையை அதிலிருந்து எடுத்துவிடல் வேண்டும்.

மூன்றாவது வழக்கம், பிள்ளைக்கு முதலில், தனக்குப் பின்னர் என்பது. சோற்றிலும் துணியிலும் தாய்மார் இவ்வாறே நடப்பர். ஆகாயத்தில், உள்ளே அமுக்கிய காற்றுக் குறைந்து ஒட்சிசன் முகமூடி மேலிருந்து விழுமாயின், தாய் முதலில் தனக்கே அணிந்துகொள்ள வேண்டும். 35,000 அடி உயரத்தில் ஒட்சிசன் இன்றித் தெளிந்த அறிவுடன் செயலாற்றக்கூடிய நேரம் ஏறத்தாழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே. குழந்தைக்கு அணிய முயலும்போதே தாய் மயங்கினால் இருவருக்கும் துணையில்லை. தாய் தெளிவாக இருந்தாற் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். பல விமானங்களில் ஓர் ஆசனத் தொகுதிக்கு ஆசனங்களின் தொகையைவிட ஒரு முகமூடியே கூடுதலாக இருக்கும். ஒரே தொகுதியில் இரண்டு கைக்குழந்தைகளை இருத்தாமைக்கு இதுவே காரணம்.

சில சிறிய குறிப்புகளும் உண்டு. பிறந்து ஏழு நாளேனும் ஆகாத சிசுவைப் பல விமானங்களில் ஏற்கமாட்டார்கள். முடிந்தால் மேலும் சில வாரங்கள் பொறுத்தல் நன்று. குழந்தைக்கும் கடவுச்சீட்டு வேண்டும். திரும்பிச் செல்லுமுன் இரண்டு வயது நிரம்புமாயின், திரும்பும் வழிக்குத் தனி ஆசனம் வாங்க நேரும். கைப்பையிற் கொண்டுசெல்லும் திரவங்களுக்கு 2006ஆம் ஆண்டு முதல் 100 மில்லிலீற்றர் என்ற கட்டுப்பாடு பல விமான நிலையங்களில் நடைமுறைக்கு வந்தது. குழந்தைக்குரிய பாலுக்கு விலக்கு அளிப்பர். பால்மாவை வேளைக்கு வேளை அளந்து உலர்வாகவே எடுத்துச் செல்லலாம். குழந்தைக்கு மாற்றுடை கொண்டுபோவோர் தமக்கும் ஒன்று கொண்டுபோக மறத்தலாகாது. குழந்தை கக்குவது தன் சட்டையின்மீது மட்டுமன்று.

குழந்தையில்லாது பிரயாணம் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. அழுகுரல் கேட்டு முகஞ்சுளிக்கும் நாமும் ஒருநாள் அவ்வாறே அழுதவர்கள். நமது பெருமூச்சு குழந்தையின் காதுநோவைத் தீர்க்காது. தாயின் நெஞ்சிற் புதியதொரு நோவை உண்டாக்கும். பாற்போத்தலைப் பிடித்துக்கொடுத்தல், கீழே விழுந்த சூப்பியை எடுத்துக்கொடுத்தல், “பரவாயில்லை, தங்கச்சி” என்று ஒரு சொல் சொல்லுதல், இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை.

பெருமூச்செறிந்த அந்தக் கனவானைக் குறைகூற விரும்புகிலேன். விமானம் நின்றதும் அவரே எழுந்து தாயின் பையை இறக்கி, வாசல்வரை சுமந்துவந்தார். வெளியே கம்பித் தடுப்பைப் பற்றியபடி ஓர் அம்மம்மா நின்றுகொண்டிருந்தார். பேத்தியை இரு கைகளிலும் வாங்கி உச்சி மோந்தார்.

நம் நாட்டிலே முப்பத்தொன்றாம் நாளிற் குழந்தைக்குக் காப்பும் சங்கிலியும் அணிவித்து மகிழ்வது வழக்கம். கடல் கடந்து வந்துபோகும் பேரப்பிள்ளைக்கு ஏதேனும் செய்ய விரும்பும் அம்மம்மாமார், வசதி இருக்குமாயின், அந்தப் பொன்னிற் சிறிது குறைத்து, திரும்பும் வழிக்கு ஓர் ஆசனம் வாங்கிக் கொடுக்கலாம். அதுவும் ஒரு காப்புத்தான்.