உள்ளங்கை அகலத்தில் உயிர்!

கூட்டம் கலைந்தது, கொட்டகை இருண்டது, ஒலிபெருக்கி ஓய்ந்தது. நாட்டைப் பற்றியும் நாளையைப் பற்றியும் நள்ளிரவு வரை முழங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கினால், எங்களுக்காகக் கீழே காத்துக்கொண்டிருந்தவை நான்கு வழுக்கை டயர்கள்!

கைவிளக்கின் ஒளியிலே குனிந்து பார்த்தேன். உழுத வயல்போல் கோடு கோடாக இருந்தவை தேய்ந்து மறைந்து, மழித்த தலையாக மின்னின. "ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை இவற்றை மாற்றுவதுதான்" என்றேன். வண்டி ஓட்டும் இளந்தோழர் புன்னகை பூத்தார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"அண்ணே, கடைக்கு ஏன் போகவேண்டும்? கடையே நம் கைக்குள் வந்துவிட்டதே! நம் ஊர்க் கடையில் சொன்ன விலையைவிட டயர் ஒன்றுக்கு 600 ரூபாய் குறைவு. நான்குக்கும் சேர்த்து 2,400 ரூபாய் மிச்சம்!"

மிச்சம்! அந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை மயக்கம்! திரைச்சீலை வாங்கக் காசில்லாமல், பழைய வேட்டிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து நாடகம் நடத்தியவர்கள் நாங்கள். கல்லூரிக் கட்டணம் கட்ட வகையின்றிப் பாதியிலே படியிறங்கியவன் நான். 2,400 ரூபாய் மிச்சம் என்றால் எங்கள் செவிக்கு அது இன்னிசையன்றோ? "தட்டு தம்பி!" என்றேன். தட்டினார். மூன்றாம் நாள் காலையில் நான்கு டயர்கள் வாசலில் வந்து உருண்டன.

இதென்ன, ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு ஏற்ற பொருளா? கார் வைத்திருப்போர் கவலை நமக்கெதற்கு? இப்படிக் கேட்போர் இருக்கலாம். கேட்கட்டும்! கார் என்பது இன்று சீமான் வீட்டுச் சிங்காரப் பொருள் மட்டுமன்று. தவணைக் கடனில் வாங்கி, வாடகைக்கு ஓட்டி, வயிறு கழுவும் தோழனுக்கு அதுதான் ஏர், அதுதான் எருது. அந்த எருதுக்கு லாடம் எங்கே அடிப்பது, யாரிடம் அடிப்பது என்பது அவனுக்கு அற்பக் கேள்வியா?

எண்ணிப் பாருங்கள். கார் எவ்வளவு கனம்! அதற்குள்ளே தாய், தந்தை, தளிர்நடைக் குழந்தை. அத்தனை பேரையும் சுமந்துகொண்டு தரையைத் தொடுவது எது? டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்! ஆம், நான்கே நான்கு உள்ளங்கைகள்! வளைவிலே வழுக்காமல் பற்றுவதும் அவை. மழைநீரை விலக்கி மண்ணைத் தேடுவதும் அவை. எதிரே ஆடு குறுக்கிடும்போது, ஆள் குறுக்கிடும்போது, மிதித்த பிரேக்குக்குப் பொருள் தருவதும் அவை. மிச்சம் பிடிக்க நாம் தேர்ந்தெடுத்த இடம் அந்த உள்ளங்கை!

காற்றடைத்த டயர் பிறந்த கதையையும் கேளுங்கள். பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்றொரு கால்நடை மருத்துவர் இருந்தார். தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான பாதையில் குலுங்குவதைக் கண்டார். ரப்பரிலே காற்றை அடைத்து, சக்கரத்திலே சுற்றினார். 1888ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவருக்கு முன்பே 1845இல் தாம்சன் என்பவர் இதே எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் உலகம் உருளத் தொடங்கியது தந்தை ஒருவரின் கவலைக்குப் பிறகுதான். உள்ளே இருப்போர் யார், அவர்களுக்கு என்ன ஆகும் என்று கவலைப்பட ஒருவர் இருந்தார், டயர் பரவியது. அந்தக் கவலையை நெஞ்சிலே நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே சொல்கிறேன்.

வந்த டயர்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர்க் கடைத்தெருவிலுள்ள டயர் கடைக்குப் போனோம். வேறிடத்தில் வாங்கியதை இங்கே கொண்டுவந்து மாட்டச் சொல்வதிலே ஒரு கூச்சம். கடைக்காரப் பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சற்றே இறக்கி, ஓலைச்சுவடி படிப்பவர்போல டயரின் பக்கவாட்டிலே விரலை ஓட்டினார். நிமிர்ந்தார்.

"தம்பி, இந்த வண்டியில் எத்தனை பேர் போவீர்கள்?"

"ஐந்து பேர், ஐயா."

"பின்னால் என்ன ஏற்றுவீர்கள்?"

"நாடகச் சாமான். திரை, ஒலிபெருக்கி, இரண்டு இரும்புப் பெட்டி."

"பழைய டயரில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்தீர்களா?"

விழித்தோம். அவரே காட்டினார். பழையதிலே 185/65 ஆர்15, 88. புதியதிலே 175/65 ஆர்15, 84.

"பத்துதானே ஐயா குறைவு?" என்றார் இளந்தோழர்.

"அகலம் பத்து மில்லிமீட்டர் குறைவு, அது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது கடைசி எண். 88 என்றால் டயர் ஒன்று 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. ஒன்றுக்கு 60 என்றால் நான்குக்கு 240 கிலோ. கார் செய்தவன் கணக்குப் போட்டுக் கொடுத்த வலுவிலே 240 கிலோவைக் கழித்துவிட்டு, ஐந்து பேரும் இரும்புப் பெட்டியுமாக இராத்திரியில் போகப் போகிறீர்கள். நான் மாட்டமாட்டேன், தம்பி. கூலி கிடைக்கும், தூக்கம் போய்விடும்."

கூலி கிடைக்கும், தூக்கம் போய்விடும்! எத்தனையோ நாடகங்களுக்கு நான் வசனம் தீட்டியிருக்கிறேன், தோழர்களே. இப்படியொரு வரி என் எழுதுகோலுக்குக் கிட்டியதில்லை.

கைப்பேசி எங்களிடம் கேட்காததுண்டா? பெயரைக் கேட்டது, முகவரியைக் கேட்டது, வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டது. உண்மையை மறைப்பானேன்? உங்கள் வண்டி எது என்று கேட்கும் கட்டமும் அங்கே இருந்தது. விலையை மட்டுமே தேடிய அவசரத்தில் அதைத் தாண்டிச் சென்றவர்கள் நாங்கள். குற்றத்தில் பாதி எங்களுடையது. ஆனால் தாண்ட விட்டது திரை. தாண்ட விடாதவர் பெரியவர். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பிறகு கணக்குக்கு வந்தார் அவர். சரியான டயரே வந்திருந்தாலும் எங்கள் மிச்சம் என்ன? கடைசித் திரையிலே ஓசையின்றிச் சேர்ந்திருந்த அனுப்புக் கட்டணம் 600 ரூபாய். கழற்றி மாட்ட, புது வால்வு வைக்க, ஈயத் துண்டு ஒட்டிச் சக்கரத்தைப் பேலன்சிங் செய்யச் சக்கரம் ஒன்றுக்கு 250, நான்குக்கு 1,000. தம்மிடம் வாங்குவோரிடம் அவர் இதைக் கேட்பதில்லை. பழைய டயரை எடுத்துக்கொண்டு ஒன்றுக்கு 250 வீதம் கழித்துக் கொடுப்பார்; அந்த 1,000மும் போயிற்று. ஆக 2,600. மிச்சம் பிடித்ததோ 2,400. இருநூறு ரூபாய் நட்டத்துக்குத்தான் எங்கள் நெஞ்சம் அத்தனை துள்ளு துள்ளியது! வீல் அலைன்மென்ட் செலவு எங்கே வாங்கினாலும் உண்டு; அதை அவர் கணக்கிலே சேர்க்கவில்லை. நேர்மை அது!

திருப்பி அனுப்பலாமென்றால், வாங்கத் தட்டிய விரல் திருப்பத் தட்டியபோது ஒன்றும் நகரவில்லை. ஒரு நாள் ஓர் எண் வந்தது. மறுநாள் ஒரு மன்னிப்பு வந்தது. மனிதர் மட்டும் வரவே இல்லை. இறுதியிலே சட்டத்தைப் புரட்டினோம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்வதென்ன? இணையவழி விற்போர் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். முறையீடு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விதியைச் சுட்டி மடல் எழுதினோம். இருபத்தாறாம் நாள் பணம் திரும்பியது. பணம் திரும்பியது, ஆனால் அந்த இருபத்தாறு நாட்களும் வழுக்கை டயரிலா கூட்டங்களுக்குப் போவது? மறுநாளே பெரியவரிடம் கடன் சொல்லிச் சரியான டயர் மாட்டிக்கொண்டோம். கடன் சொல்ல ஒரு முகம் வேண்டும், தோழர்களே! திரைக்கு அது இல்லை.

சரி, கடைக்கு மாலை சூட்டிவிட்டான், கைப்பேசியைக் கழுவேற்றிவிட்டான் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாக் கடையிலும் அந்தப் பெரியவர் இல்லை. "பில் வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டு இரண்டு விலை சொல்லும் கடையும் உண்டு. மூலையிலே ஆண்டுக்கணக்கில் கிடந்த டயரைத் துடைத்து, மினுமினுப்புத் தடவி, 'நேற்று வந்தது' என்று தலையிலே கட்டும் கடையும் உண்டு. பெண்ணொருத்தி காரோட்டி வந்து விலை கேட்டால், "வீட்டிலே ஆம்பிளையை அனுப்புங்கம்மா" என்று ஏளனம் பேசும் கடையும் உண்டு. அந்தச் சகோதரி இணையத்தின் பக்கம் திரும்பினால் அது யார் குற்றம்? திரை அவரை ஏளனம் செய்வதில்லை, விலையை ஒளிப்பதில்லை, பத்து வகையை வரிசையாக நிறுத்திக் காட்டுகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய கார் டயருக்கான சரக்கு-சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அடிப்படை விலை 5,000 ரூபாயுள்ள டயர் முன்பு 6,400 ஆயிற்று. அதன்பின் 5,900 ஆக வேண்டும். 500 ரூபாய் உங்கள் பைக்கு வந்ததா, வழியிலே தங்கிற்றா? பில் கேட்காதவனுக்கு அது தெரியாது. கடைக்குப் போகுமுன் கைப்பேசியில் விலை பார்ப்பவனுக்குத் தெரியும். ஆகவே, கைப்பேசி பகையன்று, அது துலாக்கோல். துலாக்கோல் எடை காட்டும். பண்டத்தின் பண்பைச் சொல்லாது. பண்பைப் படிக்க வேண்டியவர்கள் நாம்.

படிக்கலாமா? டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 185/65 ஆர்15 88எச் என்றிருந்தால், 185 மில்லிமீட்டர் அகலம். அதிலே 65 விழுக்காடு பக்கவாட்டின் உயரம். 15 அங்குலம் ரிம்மின் குறுக்களவு. 88 என்பது சுமை. எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு. அருகே நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் வார்த்தது. இணையத்தில் வாங்கினாலும் இந்த இலக்கத்தை முன்கூட்டியே எழுத்திலே கேளுங்கள், சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2009ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணை அதைக் கட்டாயமாக்கியது. கோடுகளின் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் தெரியும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் எஞ்சியிருக்கிறது. அதுதான் எல்லை, அதற்கு மேல் ஓட்டாதீர்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்து ஒட்டுச்சீட்டிலே இருக்கும்.

இவ்வளவையும் படிக்கத் தெரிந்தவன் எங்கே வாங்கினாலும் ஏமாறமாட்டான். தெரியாதவனோ, தெரிந்தவர் ஒருவர் எதிரே நின்று கேள்வி கேட்கும் இடத்திலே வாங்குவதுதான் அறிவுடைமை. கேள்வி கேட்காத கடையும் திரைதான். செங்கல்லால் கட்டிய திரை! சில இணைய விற்பனையாளர்கள் டயரை உள்ளூர்க் கடைக்கே அனுப்பி அங்கேயே மாட்டித் தரவும் ஏற்பாடு செய்கிறார்கள். விலையும் தெரிந்து, விரலும் படுமானால் அதுவும் நன்றே. எதுவாயினும் பில்லை விடாதீர்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணை அழையுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, விற்றவன் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.

உள்ளூர்க் கடையை இரக்கத்துக்காக ஆதரியுங்கள் என்று நான் கேட்கவில்லை. கருத்த கையும் கிழிந்த சட்டையுமாய் ஜாக்கியை ஏற்றும் அந்தப் பையன்களுக்கு நம் இரக்கம் தேவையில்லை. அவர்களுடைய உழைப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைத் திரையிலே காணோம் என்பதால் அது இல்லையென்று எண்ணாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

டயர் மாட்டிய அன்றிரவு நெடுந்தொலைவு போக வேண்டியிருந்தது. மழை. விடியற்காலை ஊர் சேர்ந்தோம். கைப்பேசி இருமுறை ஒலித்தது. முதலாவது, வாங்கிய இடத்திலிருந்து வந்த செய்தி: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? இரண்டாவது பெரியவரின் குரல்: "தம்பி, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா?"

தோழர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த ஏட்டை மடித்து வைத்ததும், உங்கள் வண்டியோ, நீங்கள் ஏறிச் செல்லும் வாடகை வண்டியோ, அதனருகே ஒருமுறை குனியுங்கள். நான்கு உள்ளங்கைகளையும் பாருங்கள், எழுத்தைப் படியுங்கள். அதற்குப் பிறகு விலையைப் பேசுங்கள்!