போமற் அடித்தால் எதுவும் போகாது

"போமற் அடிச்சா எல்லாம் போயிடும், யோசிக்காதைங்கோ." கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கணினி திருத்தும் கடைகளில் இந்த ஒரு வசனத்தைப் பல வருடமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14இல் நிறுத்தியதைக் காட்டிப் புதுக் கணினி வாங்கச் சொல்லும் அதே வாய்தான், பழையதைத் தந்துவிட்டுப் போகச் சொல்லும்போது இதையும் சொல்கிறது.

'குயிக் போமற்' சில நொடிகளில் முடிந்துவிடும். 500 ஜிகாபைற் காந்தத் தட்டு முழுவதையும் சில நொடியில் மேலெழுதி அழிக்க எந்தக் கணினியாலும் முடியாது. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற அட்டவணையை மட்டுந்தான் அது புதிதாக எழுதுகிறது. கடிதமும் படமும், மேலே வேறொன்று எழுதப்படும்வரை, இருந்த இடத்திலேயே கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் 'போட்டோரெக்' போன்ற ஒரு மென்பொருள் இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளையே அவற்றை வெளியே எடுத்துவிடும். கலியாண அல்பம் தவறுதலாக அழிந்துபோனால் இதே கடைக்காரர்தான் காசு வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறார். மீட்டுக் கொடுக்கும்போது தெரிந்த உண்மை விற்கும்போது எங்கே போகிறது? எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய தட்டுகள் 158ஐ வாங்கிச் சோதித்து 2003இல் எழுதினார்கள். வேலைசெய்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

"முப்பத்தைந்து தரம் அழிக்க ஆருக்கு நேரம்?" கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீற்றர் குட்மன் 1996இல் அன்றைய தட்டுகளுக்குச் சொன்ன கணக்கு அது. இன்றைய காந்தத் தட்டுக்கு ஒரு தரம் முழுவதும் மேலெழுதினால் போதும்.

"சுத்தியலால ரெண்டு போட்டா சரி." அப்படியானால் விற்பது எதை?

ஆனால் என்னைக் கொதிக்கவைப்பது இதுதான்: "எங்கட சனத்திட்டைக் களவெடுக்க என்ன கிடக்கு?" வன்னியில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது? 2009இல் போர் முடிந்தபோது மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை, காணி அனுமதிப்பத்திரம் இல்லை, அடையாள அட்டை இல்லை. பிறகு அலைந்து பிரதி எடுத்தவர்கள், இன்னொரு தரம் தொலையக்கூடாதென்று கொமினிகேஷன் கடையில் ஸ்கான் செய்து வைத்தார்கள். 2010 செப்ரெம்பரில் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தது. 2014 ஜனவரியில் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு தன் அமர்வுகளை இங்கேதான் தொடங்கியது. பிறகு 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம் வந்தது. ஒவ்வொரு தரமும் தாய்மார் ரைப் அடிக்கும் கடையில் குந்தியிருந்து சொன்னார்கள்: பிள்ளையை எங்கே, எந்த நாளில், ஆரிடம் ஒப்படைத்தோம், கூட நின்று கண்டது ஆர். அச்சடித்த தாள் தாயின் பையோடு போனது. அவர் சொன்ன அவ்வளவும் கடைக் கணினியின் தட்டில் தங்கிவிட்டது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய அந்தத் தாய்மாரைப் புலனாய்வுக்காரர் படம்பிடிப்பதும் வீடுதேடி வந்து விசாரிப்பதும் ஊரறிந்த விசயம். அவர்களுக்காகச் சாட்சி சொல்ல முன்வந்தவரின் பெயரும் ஊரும் அடங்கிய தட்டை, வாங்குகிறவர் ஆரென்று கேளாமல் சில ஆயிரம் ரூபாவுக்குக் கைமாற்றிவிட்டு, களவெடுக்க என்ன கிடக்கு என்கிறார்கள்! வங்கிக் கணக்கு இலக்கம் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கண்ட சாட்சியின் பெயரை எப்படி மாற்றுவது?

செய்ய வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. வேண்டியவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்தபிறகு, 'குயிக்' என்ற பெட்டியில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டுப் போமற் கொடுத்தால், விஸ்டாவும் அதற்குப் பின் வந்த விண்டோஸும் தட்டு முழுவதும் பூச்சியம் எழுதும். சில மணித்தியாலம் பிடிக்கும், பிடிக்கட்டும். காந்தத் தட்டாக இல்லாமல் எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் மேலெழுதுவது எல்லா இடத்தையும் தொடாது. அதற்குத் தயாரித்த நிறுவனமே தரும் முழு அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். இதற்கும் நேரமில்லாத கடைக்காரர், தட்டைக் கழற்றிக் கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்துவிட்டு மிச்சக் கணினியை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும்.