மூன்று நிமிடம் கொடுங்கள்

மதுக்கூடத்தில் கவிதையா என்று முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்காவில், சிகாகோ நகரின் 'கிரீன் மில்' என்ற பழைய மதுக்கூடத்தில், மார்க் ஸ்மித் என்ற கட்டடத் தொழிலாளி 1986 ஜூலையில் ஞாயிறு இரவுக் கவிதைப் போட்டியைத் தொடங்கினார். 'பொயட்ரி ஸ்லாம்' என்று பெயர். முதலில் யார் வேண்டுமானாலும் மேடையேறிக் கவிதை சொல்லலாம், பிறகு போட்டி. நடுவர்கள் பண்டிதர்கள் அல்லர். கூட்டத்தில் இருந்த சாதாரண ரசிகர்களே பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் இட்டார்கள். பிடிக்காவிட்டால் சபையோர் காலால் தரையைத் தட்டுவார்கள். 1990இல் இது தேசியப் போட்டியாகவும் வளர்ந்தது. அங்கே ஆளுக்கு மூன்று நிமிடம் என்பது விதியாயிற்று.

நம் கவியரங்கங்களை எண்ணிப் பாருங்கள். தலைமைக் கவிஞருக்கு வாழ்த்து, அவர் மற்றவருக்குச் சொல்லும் வாழ்த்து, பொன்னாடை என்று நீண்டு, கவிதை வருவதற்குள் பின்வரிசை காலியாகிவிடுகிறது. நன்றாயிருந்தாலும் கைதட்டல், இல்லாவிட்டாலும் கைதட்டல்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவர்களுக்குக் கவியரங்கில் இடமில்லை. வாயால் சொல்லும் கவிதைக்கு வீட்டில் பேசும் தமிழே போதுமே!

மதிப்பெண் வைத்தால் கைதட்டலுக்காகக் கத்துவார்கள் என்பீர்கள். நியாயம்தான். பிள்ளைகளுக்கு மதிப்பெண் வேண்டாம்; மேடை போதும். மதுவும் வேண்டாம், சங்க அரங்கும் காபியும் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஆளுக்கு மூன்று நிமிடம். பிழை திருத்துவதைப் பெரியவர்கள் அன்று ஒருநாள் ஒத்திவைக்கட்டும். பொங்கல் விழாவுக்கு முன்பே நிர்வாகக் குழு இதைப் பரிசீலிக்க வேண்டும்.