பூச்சி மருந்து மட்டும் போதுமா?

எங்கள் வாப்பாவின் கடை ஹட்டன் நகரில் இருக்கிறது. சம்பள நாளில் தோட்டத்திலிருந்து வரும் தாய்மார் அரிசி, மாவு, கருவாட்டோடு ஒரு கேள்வியையும் கேட்பார்கள். "முதலாளி, புள்ள நல்லாத்தான் சாப்புடுது, ஒடம்புல ஒட்டல. பூச்சி மருந்து இருக்கா?" வாப்பா பக்கத்து பாமசிக்கு வழி காட்டுவார். பூச்சிதான் காரணம் என்று நானும் நம்பியிருந்தேன். இப்போது அது பாதி உண்மை என்றே நினைக்கிறேன்.

பூச்சி பொய்யல்ல. வட்டப்புழு பிள்ளையின் உணவில் பங்கு கேட்கிறது, பசியையும் கெடுக்கிறது. கொளுக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், சிறுகுடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. இரத்தம் குறைந்த பிள்ளை எப்படி வளரும், எப்படிப் படிக்கும்?

1916இல் ராக்பெல்லர் மன்றத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். மருந்து குடித்தவர்களுக்குப் புழு விழுந்தது. மலசலகூடம் இல்லாத லயங்களில் அதே மண்ணிலிருந்து அது மறுபடியும் காலில் ஏறியது. நூறு வருடத்துக்கு முந்திய பாடம் இது!

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 வீதம். தோட்டப்புறத்தில் 31.7 வீதம். இத்தனைக்கும் பூச்சி மாத்திரை தோட்டப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டின் கொக்ரேன் அறிக்கையும், ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை கொடுப்பதால் மட்டும் சராசரி உயரமோ நிறையோ பெரிதாகக் கூடுவதில்லை என்கிறது. உயரம் பெரும்பாலும் தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலுமே தவறிப்போகிறது. பாடசாலையில் வரிசையில் நின்று மாத்திரை விழுங்கும்போது காலம் கடந்துவிடுகிறது. அந்தத் தாய் என்ன சாப்பிட்டாள்? ரொட்டியும் சாயத்தண்ணியும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேயிலை பறிப்பவளுக்கு இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பெற்றோரே. தவறாமல் கொடுங்கள். மாத்திரை கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று தோட்ட நிர்வாகமும் அரசும் நினைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

போன மாதம் கடையில் நான் இருந்தபோது ஒரு தாய் அதே கேள்வியைக் கேட்டார். "வீட்டுக்குத் தனிக் கக்கூசு இருக்கா அக்கா?" என்றேன். அவர் சிரித்தார்.

"நாலு வீட்டுக்கு ஒன்னு, தங்கச்சி. அதுலயும் தண்ணி வராது."