நூற்பட்டியலில் ஏற வேண்டிய பணி

கல்லூரி நூலகத்தில் முதன்முதலாகப் பணியேற்கும் இளம் நூலகரிடம் இரண்டு பொறுப்புகள் இன்று பெரும்பாலும் சேர்த்தே ஒப்படைக்கப்படுகின்றன. நூலகத்துக்கு வராதவர்களைத் தேடிச் சென்று அழைத்துவருவது ஒன்று. இதை நூலகவியலில் விரிவாக்கப் பணி என்பர். பார்வை, செவித்திறன், பயிற்றுமொழி, குடும்பப் பின்னணி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தடையாக நிற்பதால் ஆய்வுப் பொருள்களை எட்ட இயலாதவர்க்கு அத்தடையை நீக்கித் தருவது மற்றொன்று. இதனை அனைவருக்குமான ஆய்வுத்துணை எனலாம். கணினி தெரிந்தவர், வயதில் இளையவர், மாணவரோடு எளிதில் பழகக்கூடியவர் என்னும் காரணங்களால் இவை அவரிடம் வந்து சேர்கின்றன. ஆனால் அவருடைய பணி ஆணையில் இவற்றுக்கு இடம் இருப்பதில்லை. நூலக வரவுசெலவில் தனித் தலைப்பு இருப்பதில்லை. அவர் செய்து முடித்தவற்றை வைத்துக் காக்கும் இடமும் இருப்பதில்லை. தொகுப்பூதியத்தில் பணிபுரியும் அவர் வேறு வேலை கிடைத்துச் செல்லும்போது அவருடன் அந்தப் பணியும் போய்விடுகிறது.

இக்குறையை ஆராய்வதற்கு விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி பொருத்தமான களமாகும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துச் சீனிவாசப் பெருமாள் குன்றமர்ந்திருக்கும் திருவண்ணாமலை (அருணாசலேசுவரர் கோயில் கொண்ட வட மாவட்டத் தலைநகர் அன்று) தொடங்கி, ராஜபாளையத்தையும், மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்ற சத்திரப்பட்டியையும் உள்ளடக்கிய இப்பகுதியில் நூற்பாலைகளும் விசைத்தறிகளும் நிறைந்துள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்புகளும் உள்ளன. ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி, ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி, கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலசலிங்கம் நிறுவனம் எனச் சில கிலோமீட்டர் இடைவெளிகளில் உயர்கல்வி நிலையங்கள் அமைந்திருப்பதால், ஆலைத் தொழிலாளியின் மகளும் பொறியியல் ஆய்வு மாணவரும் ஒரே பேருந்தில் பயணம் செய்யும் பகுதி இது.

நூலகத்தைப் பொதுப்பொருளாகக் கருதும் மரபும் இங்குப் பழையது. அன்றைய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த பென்னிங்டனின் பெயரால் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கப்பட்ட நூலகம், சீர்காழி இரா. அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற 1924க்கு அரை நூற்றாண்டு முந்தியது. சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிய 1948க்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, ராஜபாளையத்திலிருந்த தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். வாசகரைத் தேடிச் செல்வதும் தமிழ்நாட்டு நூலகத் துறைக்குப் புதிதன்று. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் 1931இல் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்ற நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டதை நூலகவியல் மாணவர் அனைவரும் அறிவர். ஆனால் அந்த மரபு பொது நூலகங்களில் தழைத்த அளவுக்குக் கல்லூரி நூலகங்களில் வேர்பிடிக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்தவர் நூலகத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவராகவே வருகிறார் என்னும் எண்ணம் அங்கே கேள்விக்கு உட்படுத்தப்படாமலேயே நிலவுகிறது.

அந்த எண்ணம் இப்பகுதிக்குப் பொருந்தாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் பெற்றுக் கல்லூரிக்கு வரும் மாணவரின் வீட்டில், ஆய்விதழ் என்றால் என்ன, மேற்கோள் ஏன் காட்ட வேண்டும், பிறர் எழுதியதைத் தம்முடையதாகத் தருவது ஏன் குற்றமாகிறது என்பவற்றைச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. வகுப்பறையிலும் இவை தாமே விளங்கும் என விடப்படுகின்றன. கல்லூரிகளுக்கான மின்னிதழ்த் தொகுப்பான என்-லிஸ்ட் அவருக்குத் திறந்தே இருக்கலாம். ஆனால் அதன் கடவுச்சொல்லைப் பெறுவது, தேடுசொல்லைத் தேர்வது, ஆங்கிலக் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துத் தமக்கு வேண்டியதா எனத் தீர்மானிப்பது ஆகிய ஒவ்வொரு படியிலும் ஒருவர் அருகிருந்து உதவ வேண்டியிருக்கிறது. தமிழ் ஆய்வு செய்பவருக்கு என்-லிஸ்ட் தருவதும் குறைவே. அவரைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும், 1998 முதல் தமிழ் நூல்களைத் தட்டச்சுப் பாடமாக வழங்கிவரும் மதுரைத் திட்டத்துக்கும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் வழிப்படுத்துவது இளம் நூலகரின் அன்றாடப் பணியாகிறது.

பார்வைத்திறன் குறைந்த ஆய்வாளருக்கு உதவ முனையும்போது இப்பணியின் முழுக் கடுமையும் வெளிப்படுகிறது; தமிழ்நாட்டு நூலகர் ஆங்கில உலகின் கையேடுகளில் விடை காண இயலாத இடமும் இதுவேயாகும். கணினித் திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. ஆயினும் ஒருங்குறி என்னும் பொதுக் குறியீட்டு முறையில் அமைந்த தமிழை மட்டுமே அதனால் படிக்க முடியும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்ற 2010க்கு முன்பும், அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் வரையிலும், டி.டி.பி. கடைகளில் தட்டச்சான தமிழ் ஆய்வேடுகள் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. இவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திக்கொண்டவை. பாமினியில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிவது கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் வரிசையே ஆகும். கண் பார்த்துப் படிப்பவருக்கு எக்குறையும் தோன்றாத அதே பக்கம், செவியால் படிப்பவருக்குப் பொருளற்ற ஒலிக்கூட்டமாக வந்து சேர்கிறது.

மாற்றித்தரும் மென்பொருள்கள் உள்ளனவே என்பர். உள்ளன, ஆனால் ஆய்வேட்டின் முழுப் பாடத்தையும் ஒரே வீச்சில் மாற்றும்போது இடையிடையே வரும் ஆங்கில நூற்பெயர்களும் ஆசிரியர் பெயர்களும் தமிழ் எழுத்துகளாகச் சிதைந்துவிடுகின்றன, அடிக்குறிப்புகளும் அட்டவணைகளும் இடம் பெயர்கின்றன. ஆய்வேடு படமாக மட்டும் கிடைக்குமானால் நிலைமை இன்னும் கடினம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்க்கப்படுவது பெரும் நன்மையே. எனினும் அங்குள்ள தமிழ் ஆய்வேடுகளுள் வருடிய படங்களாகவே நிற்பவை மிகுதி. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள், துணைக்காலையும் ரகரத்தையும் ஒன்றெனக் கொள்கிறது. ண, ன வேறுபாட்டைத் தவறவிடுகிறது. மங்கிய அச்சில் புள்ளிகளை விட்டுவிடுகிறது. இவற்றைச் சீர்செய்வதற்கு மனிதக் கண்ணும் தமிழறிவும் பல நாள் உழைப்பும் தேவை. சங்க இலக்கிய ஆய்வேடு ஒன்றைச் செவ்வைப்படுத்தித் தரும் இளம் நூலகர் உண்மையில் ஒரு பதிப்பாசிரியரின் வேலையைச் செய்கிறார் என்பதை நூலகத் துறை இன்னும் உணரவில்லை. அவர் செவ்வைப்படுத்திய கோப்பு ஒரு மாணவரின் விரலியில் ஏறி வெளியேறுகிறது. மூன்றாண்டு கழித்து அடுத்த மாணவர் அதே ஆய்வேட்டைக் கேட்கும்போது மற்றோர் இளம் நூலகர் முதற்பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறார்.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க வடிவில் நூல்களைப் படியெடுக்கவும், கல்விக்காகவும் ஆய்வுக்காகவும் அவற்றை அவர்களுக்கு வழங்கவும் இலாப நோக்கில்லாத முறையில் இடமளிக்கிறது. இதே நோக்கம் கொண்டு 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலக நாடுகளுள் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியாதான். அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டிலேயே, அணுகத்தக்க வடிவில் அமைந்த நூல்களுக்கான சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அவ்வாண்டின் இறுதியில் நிறைவேறி, குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்ததுடன் அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கவும் வகைசெய்தது. ஆகவே பதிப்புரிமையைக் காட்டி மறுப்பதற்கு இன்று எந்த நூலகத்துக்கும் அடிப்படை கிடையாது. அவ்வாறு மறுக்கும் மூத்த நூலகர்களுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் இப்பிரிவை எடுத்துக்காட்டும் துணிவை இளையோருக்கு நூலகவியல் துறைகள் ஊட்ட வேண்டும்.

செவித்திறன் குறைந்த மாணவர்களின் தேவை வேறு வகையானது. கலசலிங்கம் நிறுவனம் அத்தகைய மாணவர்களைப் பொறியியல் பட்டப்படிப்பில் சேர்த்துக் கற்பித்த முன்னோடிகளுள் ஒன்று. சென்னை மாநிலக் கல்லூரியிலும் அவர்களுக்கெனத் தனிப் பட்டப்படிப்புகள் உள்ளன. காதால் கேட்க இயலாதவர் கண்ணால் படித்துக்கொள்வார், ஆகவே நூலகத்தில் அவருக்குத் தனித் தேவை இல்லை என்று நினைப்பது தவறு. சைகை மொழியை முதல் மொழியாகக் கொண்டவருக்கு எழுத்துத் தமிழும் ஆங்கிலமும் பின்னர்க் கற்ற மொழிகளே. நீண்ட கூட்டு வாக்கியங்களில் அமைந்த ஆய்வுக் கட்டுரை அவருக்கு இரட்டைச் சுமையாகும். நூலக அறிமுக வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் இருப்பதும், பயிற்சிக் காணொலிகளில் எழுத்துரை ஓடுவதும், வாசகரின் தேவையைக் கேட்டறியும் உரையாடலை எழுத்திலோ வரைபடத்திலோ நிகழ்த்துவதும் இங்கு அடிப்படை ஏற்பாடுகள். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் பத்தாயிரம் சொற்களாக விரித்து வெளியிட்ட அகராதியில் கல்வித்துறைச் சொற்களும் இடம்பெற்றிருப்பதால், நூலகர் அதைத் தம் பயிற்சிக்குக் கைக்கொள்ளலாம்.

இவ்வளவு பொறுப்பும் கொண்ட பணி எப்படி அளக்கப்படுகிறது? தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழுவான நாக், நாள்தோறும் நூலகத்துக்கு வருவோரின் எண்ணிக்கையைக் கேட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம், திரைவாசிப்பான், சொல்வதை எழுதுபவர் முதலிய வசதிகளையும் கேட்டது. இக்கேள்விகள் எழுந்ததே முன்னேற்றம்தான். ஆனால் சாய்தளத்தின் ஒளிப்படமும் மென்பொருள் நிறுவப்பட்ட கணினியின் ஒளிப்படமும் கோப்பில் ஏறுவதுடன் பல இடங்களில் கடமை முடிந்துவிடுகிறது. ஓர் ஆய்வேட்டைப் பல நாள் உழைத்துச் செவ்வைப்படுத்தியவரின் பணிக்கு வருகைப் பதிவேட்டில் ஒரே ஒரு கோடுதான் கிடைக்கும். வந்தவர் ஒருவர் என்பதே காரணம்.

அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் புதிதாகப் பட்டம் பெற்றோரைச் சில ஆண்டுகளுக்கு நியமிக்கும் ரெசிடென்சி என்னும் முறை உண்டு. இதுவரை இடம்பெறாத சமூகப் பின்னணிகளிலிருந்து வருவோரை நூலகத் துறைக்குள் கொண்டுவருவது அவற்றுள் பலவற்றின் நோக்கமாகும். அம்முறையில் பயின்றோர் எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்று இங்கும் பொருந்தும்: நிறுவனம் முழுவதும் ஏற்க வேண்டிய பொறுப்பு, நிலையற்ற பணியில் உள்ள ஒருவர் தலையில் வைக்கப்படுகிறது, அவருடைய காலம் முடிந்ததும் அடுத்தவர் வெறுங்கையுடன் தொடங்குகிறார். பணப்புழக்கம் மிகுந்த நூலகங்களுக்கே இது நேர்கிறதென்றால், பற்றாக்குறையை மட்டும் காரணமாகச் சொல்லித் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் ஒதுங்கிவிட முடியாது. குறை பணத்தில் இருப்பதைவிடப் பதிவில் இருக்கிறது.

எனவே முதல் மாற்றம் நூற்பட்டியலில் தொடங்க வேண்டும். நூற்பதிவுகளுக்கான பன்னாட்டு வடிவமான மார்க் 21இல், ஒரு நூலின் அணுகல் வசதிகளைக் குறிப்பதற்கு 341, 532 என்னும் இரண்டு புலங்கள் 2018இல் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் பயன்படும் கோஹா மென்பொருள் இவ்வடிவத்தையே கையாள்வதால், புதிய செலவு எதுவுமின்றி இப்புலங்களை நிரப்ப இயலும். ‘ஒருங்குறிப் பாடம் உண்டு, அடிக்குறிப்புகள் சரிபார்க்கப்பட்டவை, அட்டவணைகள் இன்னும் சரிபார்க்கப்படவில்லை’ என்று ஒரு வரி ஏறினால், பின்னர் வரும் நூலகர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். செவ்வைப்படுத்தப்பட்ட கோப்பு நூலகத்தின் வழங்கியில் வைக்கப்பட்டு, அதைச் செய்தவரின் பெயரும் உடன் பதியப்பட வேண்டும். அப்பெயரே அவர் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டத்தக்க சான்றாகும். மாணவரின் குறைபாட்டு விவரம் மட்டும் இப்பதிவுகளில் எங்கும் இடம்பெறலாகாது. பதியப்பட வேண்டியது நூலின் நிலையே.

அடுத்தது பணி ஆணை. விரிவாக்கமும் ஆய்வுத்துணையும் வார நேரத்தில் எவ்வளவு என்பதை ஆணையிலேயே எழுதி, அந்த நேரத்தில் நூல் வழங்கும் மேசையில் வேறொருவரை அமர்த்தும் கடமையை நூலகத் தலைவர் ஏற்க வேண்டும். மூன்றாவது, கல்லூரிகள் தம்முள் பகிர்ந்துகொள்வது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் ஆகிய மூன்று ஊர்களின் கல்லூரி நூலகங்கள் செவ்வைப்படுத்திய கோப்புகளின் பட்டியலை மட்டுமேனும் ஆண்டுக்கு ஒருமுறை பரிமாறிக்கொண்டால், ஒரே ஆய்வேட்டை இருமுறை மாற்றும் வீண் உழைப்பு நிற்கும். மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனப் பிரிவு இயங்குவதால், அப்பட்டியலின் ஒரு படியை அங்கே வைக்கலாம். எந்தக் கல்லூரியையும் சாராத பொது இடமாக நூற்றைம்பது ஆண்டு கண்ட பென்னிங்டன் நூலகம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பதால், இக்கல்லூரிகளின் இளம் நூலகர்கள் கூடிப் பட்டியலை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முதல் கூட்டத்தை அங்கு நடத்துவது பொருத்தமாக இருக்கும். வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அதற்கான அழைப்பைக் கல்லூரி நூலகத் தலைவர்கள் விடுக்க வேண்டும்.